எட்டு பிட் பெட்டியும் ஒரு தலையணையும்

அஸர் தொழுகை முடிந்த நேரம். மாமாவின், அதாவது என் மனைவியின் வாப்பாவின், ஹோலில் ஐந்து ஆண்கள் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நான். கையில் ஒரு கிளாஸ் தேத்தண்ணி. குடித்தால் மரியாதை இல்லை, கீழே வைத்தால் கோபம் என்று நினைப்பார்கள். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிவாசல் மரைக்கார் தொண்டையைச் செருமினார். எங்கள் பக்கத்தில் கணவன் மனைவிக்குள் மனஸ்தாபம் என்றால் முதலில் அவரைத்தான் கூட்டிவருவார்கள். நல்ல மனிதர். மெதுவாகத்தான் கேட்டார்.

"மருமகன், மறைக்காமச் சொல்லுங்க. இந்த ஊட்டுல உங்களுக்கு என்ன குறை?"

பதில் என்னிடம் இருந்தது. ஆனால் முப்பது வயது தாண்டி, தாடியும் வைத்துக்கொண்டு, மரைக்காரின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. பதில் ஒரு வீடியோ கேம்.

சொல்லாமலும் இருக்க முடியாது. மறுநாள் ஜும்ஆவுக்குப் பிறகு என் மனைவியின் தங்கை நஸ்ரினுக்குச் சம்பந்தம் பேச ஆட்கள் வரவிருந்தார்கள். மூத்த மருமகன் கோபித்துக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போய்விட்டான் என்று அவர்கள் காதில் விழுந்தால் அந்தப் பேச்சு அத்தோடு சரி. மாமாவின் முகம் கறுத்துப்போயிருந்தது. ஒரு நல்ல பிள்ளையின் வாழ்க்கை என் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

(அந்தக் கல்யாணம் நடந்தது. கவலைப்படாமல் வாசியுங்கள்.)

பெட்டியின் பூர்வீகம்

என் வாப்பா குவைத்தில் சாரதியாக இருந்தவர். ஒருமுறை லீவில் வரும்போது பால்மாப் பேணி, கம்பளி, அத்தர் போத்தல்களோடு ஒரு கறுப்புப் பெட்டியையும் கொண்டுவந்தார். ஒரு புத்தகத்தின் அளவுதான் இருக்கும். மேலே ரப்பர் விசைகள். இதுதான் கம்பியூட்டர் என்றார். எட்டு பிட். இன்றைக்குப் போனில் எடுக்கிற ஒரு போட்டோவை வைக்கக்கூட அதன் தலைக்குள் இடம் போதாது.

அவருடைய முதலாளி வீட்டுப் பிள்ளைகள் கழித்துவிட்ட சாமான் அது. மகன் இதைப் படித்து டொக்டர் ஆவான் என்று வாப்பா நம்பினார். கம்பியூட்டரைப் படித்தால் எப்படி டொக்டர் ஆகலாம் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. நான் கல்முனை பஸாரில் போன் திருத்துகிறவன் ஆனேன்.

வாப்பா மௌத்தாகி நாற்பதாம் நாள் ஓதி முடிந்த பிறகு, அலுமாரிக்கு மேலிருந்து அதை இறக்கித் துடைத்தேன். இரண்டு உதிரிப்பாகம் மாற்றி, பிளக்கைக் குத்தினேன். வேலை செய்தது. அன்றைக்கு நான் தேம்பித் தேம்பி அழுதேன். அதை எழுத எனக்கு வெட்கம் இல்லை.

எங்கள் ஊர் வழமைப்படி கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். கல்முனைக்குடியிலிருந்து பக்கத்து ஊர் சாய்ந்தமருதுக்கு நான் கொண்டுபோனது மூன்று சாமான்கள். உடுப்புப் பெட்டி, இந்த மெஷின், என்னுடைய இலவம்பஞ்சுத் தலையணை. வேறு தலையணையில் படுத்தால் எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். இந்தத் தலையணையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

கத்துகிற கேம்

இந்தப் பழைய மெஷின்களுக்கு இப்போதும் புதுக் கேம் செய்கிற பைத்தியங்கள் உலகத்தில் இருக்கிறார்கள். எந்த நாட்டிலோ இருக்கிற ஒரு மனிதர் வேலை முடிந்து வந்து, ஆறு மாதம் உட்கார்ந்து ஒரு கேம் செய்து, சும்மா தூக்கி இணையத்தில் போட்டுவிடுகிறார். அப்படி ஒன்று எனக்குக் கிடைத்தது.

எட்டு மாடிக் கோட்டை. ஒரு சின்ன மனிதன் ஏணி ஏணியாக ஏற வேண்டும். பேய்கள் நாலா பக்கமும் வரும். மாடிக்கு இருபது குண்டு. மேலே போகும்போது மிச்சமிருக்கிற ஒவ்வொரு குண்டுக்கும் தனியாகப் புள்ளி. அவ்வளவுதான் கேம். ஆனால் உட்கார்ந்தால் எழும்ப மனம் வராது.

பழைய காலத்தில் இதையெல்லாம் சத்தமாக மாற்றி, பாட்டுக் கெஸட் நாடாவில் போட்டு ஏற்றுவார்கள். நான் மெஷினை ஹோலில் இருக்கிற டீவியில் கொழுவி, போனில் அந்தச் சத்தத்தைப் போட்டு, ஒரு வயரால் மெஷினுக்குள் அனுப்புவேன். ஐந்து நிமிடம் கிறீச்சென்று கத்தும். அந்த வீட்டில் முதல் முறை நான் அதை ஏற்றியபோது மாமா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் காஸ் சிலிண்டரை மூடினார். முன்வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, யாருக்கு என்ன என்று கேட்டார்.

இன்னொரு கரைச்சலும் உண்டு. ஏறிக்கொண்டிருக்கும்போது போனில் யாராவது அழைத்தால் எல்லாம் பாழ், திரும்ப முதலிலிருந்து ஏற்ற வேண்டும். என் உம்மா சரியாக நான்காவது நிமிடத்தில்தான் அழைப்பார். சாப்பிட்டியா மகன் என்று கேட்பார். இதனால் ஒருமுறை ஏற்றினால் நான் மெஷினை நிற்பாட்டுவதே இல்லை. டீவியும் மெஷினும் மறைய ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன். நிற்பாட்டினால் புள்ளிப் பட்டியலும் அழிந்துவிடும் என்பது இன்னொரு காரணம். அந்தப் பட்டியலில் பத்து இடத்திலும் என் பெயர்தான் இருந்தது. எனக்கு அது ஒரு பெருமை.

மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கிற அடாப்டர் கட்டி எப்போதும் சூடாக இருக்கும். வீட்டுப் பூனை அதன் மேல் படுக்கப் பழகிக்கொண்டது.

திரைக்குப் பின்னால்

இப்போது மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமி என்றால் என் மனைவி றிஸ்வானாவின் உம்மா. எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் மருமகனுக்கு முன்னால் வரமாட்டார்கள், நேருக்கு நேர் கதைக்கவும் மாட்டார்கள். இப்போது பல வீடுகளில் அது விட்டுப்போய்விட்டது. மருமகனும் மாமியும் ஒன்றாக இருந்து டீவி நாடகம் பார்க்கிறார்கள். ஆனால் என் மாமி அந்த விஷயத்தில் சட்டம். நான் ஹோலுக்குள் வந்தால் அவர் அடுப்படியில், குசினிக்குள். நடுவில் ஒரு பூப்போட்ட திரை. கல்யாணம் முடிந்து ஒன்றரை வருடமாக நான் மாமியைப் பார்த்தது, திரைக்குக் கீழே தெரிகிற இரண்டு பாதங்களாகத்தான்.

கதைக்க வேண்டிய விஷயம் இருந்தால் றிஸ்வானா மூலமாக வரும். அவள் ஆசிரியை, பாடசாலைக்குப் போய்விடுவாள். மாமா வயலுக்குப் போய்விடுவார். நஸ்ரின் கம்பஸில் படிக்கப் போய்விடுவாள். நான் பகல் சாப்பாட்டுக்கு வரும்போது வீட்டில் வேறு ஆள் இல்லையென்றால், மாமி பூனையோடு கதைப்பார்.

"பூனே, மாப்பிளைக்குச் சோறு மேசையில இரிக்கி. மீன் சூடா இரிக்கி, கவனம்."

நான் பூனையைப் பார்த்து, சரி என்பேன். பூனை இருவரையும் கவனிக்காது.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். நான் கேம் விளையாடுகிற நேரமெல்லாம் திரைக்குப் பின்னால் ஒரு சூள் கொட்டும் சத்தம் கேட்கும். ச்சு. முதல் ஏணியில் நான் படபடவென்று சுடுவேன். ச்சு. இரண்டாம் மாடியில் குண்டு முடிந்து பேயிடம் மாட்டுவேன். ச்சு, ச்சு.

வேலைவெட்டி இல்லாதவனுக்குப் பிள்ளையைக் கொடுத்துவிட்டோமே என்று மாமி கவலைப்படுகிறார் என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால் எனக்கு அது வலித்தது. எனக்கு வாப்பா இல்லை. போன இடத்தில் ஒரு வீடு கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைத்தது ஒரு திரை. றிஸ்வானாவிடம் சொன்னபோது, உம்மா எல்லாவற்றுக்கும் சூள் கொட்டுவார், புளி கூடினாலும் கொட்டுவார் என்றாள்.

ஏ, ஏ, ஏ

ஒரு நாள் கடையிலிருந்து வந்து துணியைத் தூக்கினால், பட்டியலில் முதல் இடத்தில் என் பெயர் இல்லை. 'ஏ ஏ ஏ' என்று இருந்தது.

விஷயம் இதுதான். பட்டியலில் இடம் பிடித்தால் கேம் மூன்று ஆங்கில எழுத்தில் பெயர் கேட்கும். பெயர் போடத் தெரியாதவர், அல்லது விரும்பாதவர், பொத்தானை மூன்று தரம் அழுத்தினால் முதல் எழுத்து மூன்று தரம் விழும். யாரோ ஓர் ஆள் என்னைத் தோற்கடித்துவிட்டுப் பெயரும் சொல்லாமல் போயிருக்கிறார்.

றிஸ்வானாவிடம் கேட்டேன். எனக்குப் பிள்ளைகளின் கொப்பி திருத்தவே நேரமில்லை, பூனை பொத்தானில் படுத்திருக்கும் என்றாள். இரண்டு நாள் நான் அந்தப் பூனையைச் சந்தேகத்தோடு பார்த்தேன். மூன்றாம் நாள் பட்டியலில் நான்கு 'ஏ ஏ ஏ' ஏறியிருந்தன. ஐந்தாம் மாடி தாண்டி, மாடிக்குப் பதினைந்து குண்டு மிச்சம் வைத்து ஏறியிருக்கிறார் அந்த ஆள். பூனைக்கு அவ்வளவு சிக்கனம் கிடையாது.

நஸ்ரினைக் கேட்டேன், சிரித்தாள். மாமாவைக் கேட்க முடியாது. மாமியை நான் நினைக்கவே இல்லை. இதை வாசிக்கிற உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை, என்ன செய்வது. பாதமாக மட்டும் தெரிகிற ஒருவருக்குக் கை இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வாய் தாண்டி வந்த செய்தி

சம்பந்தம் பேச வருகிறார்கள் என்று நாள் குறித்த வாரம் அது. புதன்கிழமை றிஸ்வானா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் ஏதோ இருக்கிறது.

"மச்சான், கோவிக்கப்படாது. அந்த மெஷின உங்கட உம்மா ஊட்ட கொண்டு வெச்சா நல்லமாம். உம்மா சொல்லி, வாப்பா சொன்ன."

வருகிறவர்கள் ஹோலில் வயரும் கயிறுமாகக் கிடப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள், மூத்த மருமகன் விளையாட்டுப் பிள்ளை என்று பேச்சு வரும், அதுதான் என்று விளக்கினாள். சரி என்றேன். மாமியே சொல்லிவிட்டார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒன்றரை வருடமாகச் சூள் கொட்டியவர் கடைசியில் வாயைத் திறந்து கேட்டது, என் வாப்பாவின் சாமானை வெளியில் கொண்டுபோ என்று.

தலையணை ஊர்வலம்

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்தேன். வீட்டில் மாமி மட்டும், குசினியில் சோற்றுப் பானையோடு. துணியைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் பிளக்கை இழுத்தேன். துணியோடு சேர்த்து மெஷினை மட்டைப் பெட்டிக்குள் வைத்தேன்.

மோட்டார் சைக்கிளில் கொண்டுபோக வேண்டும். ரோட்டில் குலுங்கினால் பழைய மெஷின் தாங்காது. மெத்தென்று ஏதாவது வேண்டும். அறைக்குள் போய் என் தலையணையை எடுத்துவந்து, சீற்றில் வைத்து, அதன் மேல் பெட்டியை வைத்து ரப்பர் பட்டியால் கட்டினேன். உம்மா வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற டெய்லரிடம் கொடுக்கச் சொல்லி, றிஸ்வானா என் உடுப்பு நாலைந்தை ஒரு பையில் போட்டுக் கதிரையில் வைத்திருந்தாள். அதையும் ஹாண்டிலில் கொழுவிக்கொண்டேன்.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு மாப்பிள்ளை பட்டப்பகலில், பெட்டி கட்டி, உடுப்புப் பையும் எடுத்து, தலையணையும் எடுத்துக்கொண்டு, பெண் வீட்டிலிருந்து உம்மா வீட்டுப் பக்கம் போனால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். எனக்கு அது தெரியாதா? பிறந்து வளர்ந்த ஊர், தெரியும். ஆனால் என் மனம் முழுக்க மெஷின் உடைந்துவிடக்கூடாது என்பதில் இருந்தது.

சந்தித் தேத்தண்ணிக்கடைக் காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்) கையில் இருந்த கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ரோட்டுக்கு வந்தார். எங்கே என்று கேட்டார். உம்மா வீட்டுக்கு என்றேன். எப்போது திரும்புவது என்றார். தெரியாது, அவர்கள் கூப்பிட்டால் பார்ப்போம் என்றேன். மெஷினைப் பற்றித்தான் சொன்னேன். அவர் என் தோளில் கையை வைத்து, பொறுமையாக இருங்கள், அல்லாஹ் இருக்கிறான் என்றார். மெஷினுக்காக இவ்வளவு கவலைப்படுகிறாரே என்று எனக்கு மனம் குளிர்ந்துபோனது.

சாய்ந்தமருது எங்கே முடிகிறது, கல்முனைக்குடி எங்கே தொடங்குகிறது என்று எழுதினால் வேறு சண்டை வரும், அதை விடுவோம். கிட்டடிதான். ஆனால் பேக்கரியில் நின்று உம்மாவுக்கு பணிஸ் வாங்கிக்கொண்டு போவதற்குள் செய்தி என்னை முந்திவிட்டது. உம்மா கேட்டடியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். என் பழைய அறை கூட்டி, விரிப்பு மாற்றியாகிவிட்டது. தலையணையைக் கண்டதும் ஓவென்று அழுதார். நான் டெய்லரைக் கேட்டேன். இந்த நேரத்திலும் உனக்கு டெய்லரா மகன் என்றார்.

அவருக்கு விஷயத்தை விளங்கப்படுத்தி முடிக்கவில்லை, மாமாவின் போன் வந்தது. நடந்தது நடந்துவிட்டது, அஸருக்கு ஒருக்கால் வந்துவிட்டுப் போங்கள் மருமகன், மரைக்காரையும் கூப்பிட்டிருக்கிறேன் என்றார்.

திரும்பவும் அந்த ஹோல்

ஆக, கையில் தேத்தண்ணியோடு நான். இந்த வீட்டில் என்ன குறை என்று மரைக்கார்.

குறை ஒன்றும் இல்லை, ஒரு பழைய சாமானை உம்மா வீட்டில் வைக்கப் போனேன் என்றேன். அப்படியென்றால் தலையணை எதற்கு என்று கேட்டார். பெட்டி குலுங்காமல் இருக்க என்றேன். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். றிஸ்வானா அறை வாசலில் நின்று கண் கலங்கினாள்.

மரைக்கார் மாமாவின் பக்கம் திரும்பினார். அந்தச் சாமானைக் கொண்டுபோகச் சொன்னது யார் என்றார். மாமா நிலத்தைப் பார்த்தார். பிறகு, வீட்டில்தான் ஒரு கதை வந்தது என்று மெல்லக் குசினிப் பக்கம் கையைக் காட்டினார்.

திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. ஒரு பாதம் முன்னுக்கு வந்தது. பின்னுக்குப் போனது. பிறகு திரை ஒரு பக்கமாக ஒதுங்கியது. முந்தானையைத் தலை நிறைய இழுத்துப் போட்டுக்கொண்டு மாமி ஹோலுக்குள் வந்து நின்றார். மாமா கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டார்.

மாமி மரைக்காரைப் பார்க்கவில்லை. பூனையையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நான் கொண்டு போகச் சொல்லல்ல மகன். யன்னலால வெயில் அடிக்கிது, டீவியில ஒண்டும் தெரியுதில்ல, டீவியையும் பெட்டியையும் கொஞ்சம் தள்ளி வெச்சா நல்லம் எண்டுதான் இவருக்கிட்டச் சொன்ன."

அதில் மாமா தன்னுடைய வெட்கத்தைச் சேர்த்திருக்கிறார். றிஸ்வானா அதை என் உம்மா வீடு வரைக்கும் நீட்டியிருக்கிறாள். (இதை வாசித்துவிட்டு அவள் இப்போதும் மறுக்கிறாள்.) மாமி நேரே என்னிடம் ஒரு வசனம் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்ல முடியாதே, நடுவில் திரை.

மரைக்கார் நெற்றியைச் சுருக்கினார். வெயில் அடித்தால் உங்களுக்கு என்ன, அதில் உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று மாமியைக் கேட்டார். நியாயமான கேள்வி.

மாமி முந்தானை நுனியை விரலில் சுற்றினார். பிறகு அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"காலையில ஏழாம் மாடியில நிப்பாட்டி வெச்சிட்டுச் சோறு வடிக்கப் போன நான். வந்து பார்த்தா பெட்டியும் இல்ல, மாடியும் இல்ல."

எது ஏழாம் மாடி, இந்த வீட்டில் ஒரு மாடிதானே என்று யாரோ முணுமுணுத்தார். எனக்கு மட்டும்தான் விளங்கியது. பதினைந்து குண்டு மிச்சம். 'ஏ ஏ ஏ'. துணியைத் தூக்கிப் பார்க்காமல் பிளக்கை இழுத்த என் கை.

ஒன்றரை வருடத்தில் மாமியிடம் நான் சொன்ன முதல் வசனம் இது:

"மாமி, கரண்ட் எடுத்தா எல்லாம் அழிஞ்சிரும்."

"அழிஞ்சா என்ன," என்றார் மாமி. "போய் எடுத்திட்டு வாங்க. திரும்ப ஏறுவம்."

மரைக்கார் தலைத்தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து, திரும்பப் போட்டார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் மாமாவும் சேர்ந்துகொண்டார். தேத்தண்ணியை நான் ஒரே மூச்சில் குடித்தேன். ஆறிப்போய் இருந்தது.

போன வழியாலேயே பெட்டியும் பையும் தலையணையுமாகத் திரும்பினேன். தேத்தண்ணிக்கடைக் காக்கா ரோட்டுக்கு வந்து இரண்டு கையையும் ஏந்தி அல்ஹம்துலில்லாஹ் என்றார். மறுநாள் வந்தவர்களுக்கும் முழுக்கதை போய்ச் சேர்ந்திருந்தது. பேச வந்தவர்கள் முதலில் கேட்டது மெஷினைத்தான்.

அந்த வியாழக்கிழமையே, மஃரிப் தொழுகைக்கு முன்னால் டீவியை யன்னலிலிருந்து தள்ளி வைத்து, வயர் கொழுவி, கேமை ஏற்றினேன். ஐந்து நிமிடமும் கத்தியது. நான்காவது நிமிடம் உம்மாவிடமிருந்து போன் வரவில்லை. நாங்கள் சேர்ந்த செய்தி அவருக்கு அதற்கு முன்பே போயிருந்தது.

பூனை கட்டியின் மேல் ஏறிப் படுத்தது. நான் உட்கார்ந்தேன். முதல் ஏணியில் பேய்கள் வந்தன. படபடவென்று சுட்டேன்.

ச்சு.

திரும்பிப் பார்த்தேன். திரை ஆணியில் கொழுவிக் கிடந்தது. மாமி எனக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு நீட்டினார்.

"இஞ்ச தாங்க மகன். பேய் நாலும் வரிசைக்கு வரட்டும், ஒரு குண்டு போதும்."

ஜொய்ஸ்டிக்கைக் கொடுத்துவிட்டு, கதிரையை விட்டு எழும்பி மாமிக்கு இடம் விட்டேன்.